பயணப் பையும் பிள்ளையின் பயமும்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எங்கே போவது, யார் யார் போவது, வேன் பிடிப்பதா, பஸ்ஸில் போவதா, சோற்றைக் கட்டிக்கொண்டு போவதா, வழியில் வாங்கிக்கொள்வதா? பயணத்தைவிடப் பயணத்தைப் பற்றிய பேச்சில்தான் பிள்ளைகளுக்கு அதிக சந்தோஷம். ஆனால் அந்த வீட்டில் வளர்ப்புப் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் காதில் இந்தப் பேச்சு எப்படி விழுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உண்மையைச் சொன்னால் நானும் யோசித்ததில்லை. என்னை யோசிக்க வைத்தது ஒரு சூட்கேஸ்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையின் பிள்ளைகள். மூத்தவளுக்கு 9 வயது, தம்பிக்கு 6. தகப்பன் ஒரு விபத்தில் மௌத்தானார். அடுத்த இரண்டு வருடங்களில் தாயும் நோயில் போய்விட்டார். முதலில் மூத்தம்மாவிடம் இருந்தார்கள். அவர் படுக்கையில் விழுந்ததும் தகப்பனின் தம்பி தன்னுடைய ஊரான மாவனல்லைக்கு அழைத்துச் சென்றார். வாடகை வீடு, நாட்கூலித் தொழில், சொந்தப் பிள்ளைகளே ஐந்து பேர். ஒரு வருடம் தாங்கினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு அப்போது 13, மகளுக்கு 11. நால்வரையும் ஒன்றாக வளர்க்கலாம் என்று தவக்குல் வைத்தோம்.

அவர்கள் வந்து ஆறாம் மாதம் விடுமுறை வந்தது. அம்பாறையிலிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய், பேராதனைப் பூங்காவையும் பின்னவல யானைகளையும் காட்டிவிட்டு வருவதாக நானும் மனைவியும் முடிவு செய்தோம். பிள்ளைகளுக்குத் திடீர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. அதுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

பயணத்துக்கு முதல்நாள் மஃரிபுக்குப் பிறகு மனைவி அலுமாரியின் மேலிருந்த சூட்கேஸை இறக்கினார். விஷயம் விளங்கியதும் எங்கள் இருவரும் துள்ளிக் குதித்தார்கள். சின்னவன் மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போனான். இராச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிப் பார்த்தால், அறைக் கதவின் பின்னால் தன்னுடைய உடுப்புகளையெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அவனுடைய ராத்தா வாசலில் நின்றாள். அவள்தான் கேட்டாள்.

"எங்கள எங்க கொண்டு உடப்போறீங்க, பெரியம்மா?"

மனைவி சூட்கேஸைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டார்.

நமக்குப் பை என்றால் பிரயாணம். அந்தப் பிள்ளைகளுக்குப் பை என்றால் பிரிவு. மூத்தம்மாவின் வீட்டிலிருந்து புறப்பட்டபோதும் பை கட்டினார்கள். மாவனல்லையிலிருந்து புறப்பட்டபோதும் பை கட்டினார்கள். இரண்டு தடவையும் போன இடத்தில் அவர்கள் விடப்பட்டார்கள். போன வழியே திரும்பி வருவதுதான் பயணம் என்பதை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை.

தாயை இழந்த பயணமும் கைவிடாத பயணமும்

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ வருடங்களாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஸீறாப் பாடம் ஒன்று புதிதாக நினைவுக்கு வந்தது.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தை அப்துல்லாஹ் மதீனாவில் மரணித்து அங்கேயே அடக்கப்பட்டார். நபியவர்களுக்கு 6 வயதானபோது தாயார் ஆமினா, உம்மு ஐமன் என்ற பணிப்பெண்ணுடன் மகனை மதீனாவுக்கு அழைத்துச் சென்றார். உறவினர்களோடு சில காலம் தங்கிவிட்டுத் திரும்பும் வழியில், அப்வா என்ற இடத்தில் தாயார் நோயுற்று மரணமானார். தாயுடன் புறப்பட்ட பிள்ளை, தாயில்லாமல் உம்மு ஐமனின் கையைப் பிடித்துக்கொண்டு மக்காவுக்குத் திரும்பியது. இரண்டு வருடங்களில், 8ஆவது வயதில், பாட்டனார் அப்துல் முத்தலிபும் போய்விட்டார். பிறகு பெரிய தந்தை அபூதாலிபின் வீடு. அவர் பிள்ளை குட்டிக்காரர், செல்வந்தர் அல்லர்.

நபியவர்களுக்கு ஏறத்தாழ 12 வயதில் அபூதாலிப் வியாபாரத்துக்காக ஷாம் தேசம் புறப்பட்டபோது, அந்தப் பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றும், அவர் மனமிளகி, இவரை விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்ற கருத்தில் சொல்லிக் கூடவே அழைத்துச் சென்றார் என்றும் ஸீறா ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இதைப் பல தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒட்டகத்தில் மூட்டை ஏற்றப்படுவதைப் பார்த்த ஓர் யதீமின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது, கதவின் பின்னால் குந்தியிருந்த பிள்ளையைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவர்க்கத்தில் இப்படி இருப்போம் என்று நபியவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. பொறுப்பேற்பது என்பது சோறும் உடுப்பும் மட்டுமல்ல. 'உன்னை விட்டுவிட்டுப் போகமாட்டோம்' என்ற நம்பிக்கையையும் அந்தப் பிள்ளையின் மனதில் உண்டாக்குவது.

மறுநாள் புறப்படவில்லை. வேன்காரரிடம் சொல்லிப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அந்த ஒரு வாரத்திலும் பிறகு பயணத்திலும் நாங்கள் படித்துக்கொண்டவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திரும்பி வருவதை முதலில் சொல்லுங்கள்

வளர்ப்புப் பிள்ளைக்குப் பயணம் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். திடீர் சந்தோஷம் அதற்கு வேண்டாம். எங்கே போகிறோம், எத்தனை இரவு தங்குகிறோம், எந்த நாள் வீட்டுக்கு வருகிறோம் என்பதைக் கலண்டரில் அடையாளமிட்டுக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைக்கு வாயால் சொல்வது போதாது, கண்ணால் காண வேண்டும். எங்கள் வீட்டில் வருகின்ற நாளைத்தான் சிவப்பு மையால் வட்டமிட்டோம்.

பிள்ளையின் உடைமைகளில் சிலவற்றை வேண்டுமென்றே வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பாடசாலைப் பையும் அப்பியாசக் கொப்பிகளும் மேசையில் இருக்கட்டும். திரும்பி வர இருப்பவர்தானே வீட்டில் பொருளை விட்டுப் போவார்! அத்தோடு பை கட்டும் வேலையையும் பிள்ளையிடமே கொடுங்கள். சின்னவனுடைய பையை அவனே கட்டினான். இரண்டு சேர்ட்டும் ஒரு பந்தும்தான் வைத்தான். மற்றதை மனைவி பிறகு சேர்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு இருப்பதும் நல்லது. மூத்த மகனுக்குத் தண்ணீர்ப் போத்தல்கள். மகளுக்கு முஸல்லாக்கள். ராத்தாவுக்குச் செலவுக் கணக்குக் கொப்பி. சின்னவனுக்கு எல்லோரையும் எண்ணும் வேலை. வேனில் ஏறும்போதெல்லாம் ஆறு பேரையும் எண்ணுவான். தன்னையும் சேர்த்து எண்ணிச் சரிபார்க்கின்ற பிள்ளைக்கு, தான் தவறிப்போய்விடுவேன் என்ற பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்.

பிள்ளை எதற்குப் பயப்படும் என்பதை அறிந்து இடத்தைத் தெரிவு செய்வதும் முக்கியம். 2004 டிசம்பர் 26இல் சுனாமியில் தாயை இழந்த ஒருவர் பின்னாளில் என்னிடம் ஓதினார். மத்ரஸாச் சுற்றுலாவில் எல்லோரும் கடற்கரையில் இறங்கியபோது அவர் மட்டும் பஸ்ஸிலேயே இருந்தார். நாங்கள் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. ஓர் உஸ்தாத் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். அவ்வளவுதான். பிள்ளையை வற்புறுத்திப் பயத்தைப் போக்க முடியாது. பக்கத்தில் இருக்க முடியும்.

செலவும் சாப்பாடும்

யதீமின் பணம் நெருப்பு. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கருத்தில் ஸூரத்துன்னிஸாவின் 10ஆவது வசனம் எச்சரிக்கிறது. தகப்பன் அரச ஊழியராக இருந்திருந்தால் பிள்ளைக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்கலாம். வயற்காணியின் குத்தகை வரலாம். விபத்து நட்டஈடு வங்கியில் இருக்கலாம். குடும்பம் முழுவதும் போகும் வேனுக்கு அந்தப் பணத்தில் கை வைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். வசதியுள்ளவர் தவிர்ந்துகொள்ளட்டும், ஏழை நியாயமான அளவு எடுக்கட்டும் என்பதே அதே ஸூராவின் 6ஆவது வசனம் காட்டும் வழி. கையில் இருப்பது குறைவாக இருந்தால் பயணத்தைச் சுருக்குங்கள். நான்கு நாளை இரண்டு நாளாக்குங்கள். பிள்ளைகளுக்குத் தூரம் முக்கியமல்ல.

ஆனால் பயந்து பயந்து சோற்றையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. அந்த எச்சரிக்கை வசனங்கள் இறங்கியபோது ஸஹாபாக்கள் அநாதைகளின் உணவையும் பானத்தையும் தனியாக்கிவிட்டார்கள். மிஞ்சிய உணவு பழுதாகியது. அது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்ததால் நபியவர்களிடம் முறையிட்டார்கள். அப்போதுதான் ஸூரத்துல் பகராவின் 220ஆவது வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அநாதைகளோடு நீங்கள் கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்பது அதன் கருத்து. ஆகவே வழியில் மரநிழலில் சோற்றுப் பார்சலை விரித்தால் எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிடுங்கள். கடையில் ஒரு பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கினால் மற்றவர்களுக்கும் அதே விலையில் வாங்குங்கள்.

தங்கும் இடம்

பாசம் எவ்வளவு இருந்தாலும் மஹ்ரம் சட்டம் மாறுவதில்லை. இரண்டு வயதுக்குள், ஷாபிஈ மத்ஹபின்படி ஐந்து தடவைகள் பாலூட்டப்பட்டிருந்தால் ஒழிய, வளர்த்ததனால் மட்டும் ஒரு பிள்ளை மஹ்ரமாகிவிடாது. வீட்டில் இதைக் கவனிக்கும் நாம், பயணத்தில் 'ஒரு இராத்திரிதானே' என்று ஒரே அறையில் எல்லோரையும் அடைத்துவிடுகிறோம். பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொல்லும் ஹதீஸ் சொந்தச் சகோதரர்களுக்கே சொல்லப்பட்டது.

நாங்கள் கண்டியில் இரண்டு அறைகள் எடுத்தோம். ஒன்றில் நானும் மகனும். மற்றதில் மனைவியும் பெண் பிள்ளைகளும். சின்னவன் ராத்தாவை விட்டு உறங்கமாட்டான். சிறு பிள்ளைதானே, அவளோடு விட்டோம். புதிய இடத்தில் நடு இரவில் விழித்தால் பழகிய முகம் பக்கத்தில் இருக்க வேண்டும். அறை எடுக்கும்போது முன்னமே தொலைபேசியில் கதைத்து ஒழுங்கு செய்தால், அங்கே போய்ப் பிள்ளைகளின் முன்னால் 'இது யார், அது யார்' என்று விளக்கம் சொல்ல வேண்டி வராது.

"இது ஆருட புள்ள?"

பயணத்தில் பிள்ளையைக் கொல்லும் கேள்வி இதுதான். கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பதில் வந்ததும் தலையைத் தடவி, "பாவம்!" என்பார். அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும்.

ஒளிக்கவும் வேண்டாம், பறைசாற்றவும் வேண்டாம். ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றே அழைத்துவந்தார்கள். அவர்களைத் தந்தையரின் பெயரிலேயே அழையுங்கள் என்ற கருத்தில் ஸூரத்துல் அஹ்ஸாபின் 5ஆவது வசனம் இறங்கிய பிறகு பெயர் மாறியது. நபியவர்கள் அவர்மீது வைத்திருந்த அன்பு மாறவில்லை. எனவே "எங்கட பிள்ளைகள்தான்" என்று சொல்லுங்கள். மேலும் கேட்டால் தகப்பனின் பெயரை மரியாதையோடு சொல்லுங்கள். போகின்ற வீடுகளுக்கு முன்னமே தகவல் சொல்லி, பிள்ளைகளின் முன்னால் மௌத்துக் கதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும்போது 'நம்மட குடும்பம் மட்டும் ஒண்டு' என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள்.

பத்திரங்களும் பாதுகாப்பும்

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, கிளினிக் கொப்பி, வழமையாகக் குடிக்கும் மருந்து ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். நீதிமன்றக் கட்டளையின் பேரில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால் கட்டளையின் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் உங்கள் பகுதி நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எங்கே, எத்தனை நாள் என்று அறிவித்துவிடுங்கள். உம்ராவுக்கு அழைத்துச் செல்ல நாடுவோர், கடவுச்சீட்டுக்கும் சட்டப்படியான சம்மதத்துக்கும் பல மாதங்கள் முந்தியே அலுவல் பார்க்கத் தொடங்க வேண்டும். சின்னப் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய இரு இலக்கங்களும் உங்கள் மனதில் இருக்கட்டும். மஹியங்கனை தாண்டியதும் வரும் பதினெட்டு வளைவில் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றும். இஞ்சி டொபியும் பொலித்தீன் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்!

மாவனல்லையில் நடந்தது

இவ்வளவு கவனித்தும் இன்னொரு பிழை விட்டோம். கண்டியிலிருந்து பின்னவலக்குப் போகும் வழியில் மாவனல்லை. பிள்ளைகளின் சாச்சாவைப் பார்க்காமல் போவது உறவை வெட்டுவதாகும் என்று, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகத் திட்டமிட்டோம். அதைச் சின்னவனுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். ஊர் தெரிந்ததுமே அவன் பேச்சு நின்றது. வீட்டு வாசலில் வேன் நின்றதும் ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். ராத்தா இறங்கினாள். அவன் இறங்கவில்லை. மனைவி அவனோடு வேனிலேயே இருந்துவிட்டார்.

உள்ளே போன எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வேனுக்கு வந்தார். மிதிபலகையில் இருந்தார். சின்னவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நீ இறங்க வேணாம் மகன். உன்னப் பாக்கத்தான் நான் வந்த. பாத்துட்டு அனுப்புவன்."

கொஞ்ச நேரத்தில் சின்னவன் கையை நீட்டி ஒரு பிஸ்கட் எடுத்தான். வேன் நகர்ந்ததும் ஒரு தடவைக்கு இரு தடவை எண்ணினான். ஆறு பேரும் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

உறவைச் சேருங்கள் சகோதரிகளே, ஆனால் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் சேருங்கள். முன்பு இருந்த வீட்டுக்கு அழைத்துச் செல்வதென்றால், எத்தனை மணிக்குப் புறப்படுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்னவல வாசலில் இன்னொரு சோதனை காத்திருந்தது. 1975இல் தாயை இழந்த யானைக் குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்த இடத்தின் பெயரே யானைகளின் அநாதை இல்லம். எங்கள் மகள் பெயர்ப் பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டு, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. யானைகளை மகா ஓயாவுக்குக் குளிக்க விட்டபோது, கரையிலிருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் யானைகள் தாம் பெறாத குட்டிகளையும் நடுவில் விட்டுச் சூழ்ந்து நிற்பது யானைகளின் சுபாவம். அதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப தாய் ஆரெண்டு குட்டிக்குத் தெரியுமா, பெரியப்பா?" என்று கேட்டாள்.

"தெரியும் மகள். மறக்காது" என்றேன்.

"மறக்காட்டியும் இதுகளோட இருக்கலாம்தானே?"

"இருக்கலாம்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. நம் வீட்டில் சிரித்தால் தாயை மறந்ததாகிவிடுமோ என்று அந்தப் பிள்ளை இவ்வளவு காலம் பயந்திருக்கிறாள். நாங்கள் அறியவில்லை. வீட்டில் ஆறு மாதம் கேட்காத கேள்வியை ஆற்றங்கரையில் கேட்டாள். அநாதையைக் கடிந்துகொள்ளாதீர் என்று ஸூரத்துள்ளுஹாவில் அல்லாஹ் தன் நபிக்கே, தானும் அநாதையாக இருந்த அந்த நபிக்கே, சொல்லிக்காட்டுகிறான். கடியாமல் இருப்பது முதல் படி. அந்தப் பிள்ளை மனந்திறந்து கேட்க ஓர் இடமும் நேரமும் அமைத்துக் கொடுப்பது அடுத்த படி. பயணம் அதற்கு நல்லதொரு சந்தர்ப்பம்.

சிவப்பு வட்டமிட்ட நாளில், இஷா நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். சின்னவன் மட்டும் தன் பையைத் திறந்து இரண்டு சேர்ட்டையும் அலுமாரியில் பழைய இடத்தில் வைத்தான். பந்தைக் கட்டிலின் கீழே உருட்டினான். வெறும் பையை மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"மேல வைங்க பெரியம்மா. அடுத்த லீவுக்கு எடுப்பம்."

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் வளரும் யதீம்களை நமக்குச் சுவர்க்கத்தின் வழியாக ஆக்குவானாக! பயணத்திலும் ஊரிலும் அவர்களைக் கைவிடாத உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.